கம்மியா, சிரப்பா, செவிலியர் தரும் பாட்டிலா?

கம்மி என்றால் எங்கள் பக்கம் குறைவு என்று பொருள். இப்போது அது மிட்டாய் போல மெல்லுகிற ஒரு சத்து மருந்தின் பெயர். கரடி வடிவில், ஆரஞ்சு நிறத்தில், சர்க்கரை தூவி, பாட்டில் பாட்டிலாக வந்து இறங்குகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பிள்ளைக்குச் சத்து மருந்து கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு சிரப்பை எடுத்து வைப்பேன். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்றைக்கு சிரப், சொட்டு மருந்து, சப்பும் மாத்திரை, கம்மி, மீன் எண்ணெய் மாத்திரை, பாலில் கலக்கும் பொடி என்று ஒரு அலமாரித் தட்டே அதற்குப் போய்விட்டது. போதாததற்கு வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகள் வேறு.

வேதாளையிலிருந்து ஒரு பெண் அப்படிப் பெட்டியில் வந்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணே, இவன் வாப்பா அனுப்பியது. ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம்?" மகனுக்கு மூன்று வயது. தேத்தண்ணீரில் நனைத்த வரிக்கியைத் தின்றபடி அவரது சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வைத்தியன் அல்ல. ஆனாலும் பழக்கத்தில் அவன் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைப் படித்தேன். வைட்டமின்கள் வரிசையாக இருந்தன. இரும்பு இல்லை.

எந்தச் சத்து மருந்து நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் நேரடியாகப் பதில் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளைக்கு எது குறைகிறது என்று தெரியாமல் பாட்டிலை ஒப்பிடுவது, சட்டி எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்க்காமல் அடைக்கப் புறப்பட்ட கதை. நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய ஓட்டை இரும்பு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொன்னது. பாதிக்கும் மேல்.

மீன் தின்கிற ஊரில் இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மீனில் புரதம் உண்டு, பி12 உண்டு, அயோடின் உண்டு, சூடை போன்ற கொழுப்பு மீனில் வைட்டமின் டியும் உண்டு. வெள்ளைச் சதை மீனில் இரும்பு மட்டும் சொற்பம். அதுவும் முள் குத்திவிடுமோ என்ற பயத்தில் சின்னப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது சோற்றில் பிசைந்த ஒரு விரல் அளவு. மீதியெல்லாம் சோறும் குழம்புத் தண்ணீரும். காலையில் பால் இல்லாத நாளில் தேத்தண்ணீர். தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சம் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் கொக்கிப்புழு. ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கிற பிள்ளையின் பாதத் தோல் வழியாக நுழைந்து, குடலில் தொங்கி ரத்தம் குடிக்கிற ஜாதி அது. பிள்ளை அரிசியையும் மண்ணையும் அள்ளித் தின்கிறது, அடித்தாலும் கேட்பதில்லை என்று தாய்மார்கள் சொல்லும்போது நான் மருந்தை எடுத்துக் கொடுப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். பல நேரம் அது இரும்புக் குறைவின் அறிகுறி.

எனவே ஒப்பீட்டை என் கடையில் இல்லாத பொருளிலிருந்து தொடங்குகிறேன். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடியும் தருகிற இரும்புச் சத்து சிரப். 2018இல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டப்படி 6 மாதம் முதல் 5 வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 1 மில்லி. அந்த ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. வாரத்துக்கு 40 மில்லிகிராம் என்றால் நாளுக்குச் சராசரியாக ஆறு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 1 முதல் 3 வயதுப் பிள்ளையின் ஒரு நாள் இரும்புத் தேவை 8 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல். தேவையின் பெரும்பகுதி காசில்லாமல் வந்துவிடுகிறது. 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராம். 10 வயதுக்கு மேல் நீல மாத்திரை, 60 மில்லிகிராம். வைட்டமின் ஏ திரவமும் அதே செவிலியரிடம்தான். 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதன் பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை. ஒரு வயது முதல் இரண்டு வயது வரை பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம்.

குறைகளும் உண்டு. சுவை நன்றாக இருக்காது. பல்லில் கறை பிடிக்கும். நாக்கின் பின்பக்கமாக ஊற்றிவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தால் குறையும். சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டும். தலசீமியா உள்ள பிள்ளைக்கும் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கும் இது கூடவே கூடாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இது பரண் மேல் கிடப்பதற்கு இவை எதுவும் காரணம் இல்லை. இலவசமாக வந்ததால் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதான் மருந்து என்ற எண்ணம் நமக்கு. அந்த எண்ணத்தில்தான் என் கடையும் ஓடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

இனி என் அலமாரி. சிரப்பையும் கம்மியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் சத்தில் இல்லை. கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. சிரப் பிள்ளைக்குப் பிடிக்காது, தாய்தான் ஊற்றியாக வேண்டும். ஆகவே அளவு தாயின் கையில் இருக்கும். கம்மி பிள்ளைக்குப் பிடிக்கும், அவனே எடுத்துத் தின்பான். அளவு அவன் கைக்குப் போய்விடும். மிட்டாய் என்று சொல்லிப் பழக்கிய ஒன்றை நாளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? பி, சி வகை வைட்டமின்கள் கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். மஞ்சளாகப் போகிறதே என்று பயந்து வருகிறவர்களுக்கு அது பி2வின் நிறம் என்று சொல்லி அனுப்புவேன். ஏ, டி போன்றவை அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும்.

கம்மியில் இரும்பு அநேகமாக இருக்காது. இரும்பின் சுவையை மிட்டாய்க்குள் மறைப்பது கடினம். சர்க்கரை பல்லில் ஒட்டும். நான்கு வயதுக்குக் கீழே தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நம் கரைக்கே உரிய இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்த கம்மி பாட்டிலைத் திறந்து பாருங்கள். கரடிகள் எல்லாம் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடக்கும். அதில் ஒரு நாள் அளவை எங்கே பிய்ப்பது?

பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் கம்மி பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, அதை இறுக வைக்கும் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது. நியாயமான கேள்விதான். நம் நாட்டு உணவுப் பொட்டலத்தில் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். ஆனால் அந்த முக்கோணம் எந்த விலங்கு என்று சொல்லாது. பெக்டின் என்று எழுதியிருந்தால் அது பழத்திலிருந்து எடுத்தது. ஜெலட்டின் என்று மட்டும் எழுதியிருந்து, ஹலால் முத்திரையும் இல்லையென்றால் உறுதியாகச் சொல்ல என்னிடம் வழி இல்லை. மீன் எண்ணெய் மாத்திரையின் மேலுறைக்கும் இதே கேள்வி பொருந்தும். இராமேஸ்வரத்துச் சைவ வீடுகளுக்கும் அந்தப் பச்சை வட்டம் உதவும்.

காசு? என் கடையில் முப்பது கம்மி உள்ள பாட்டில் நானூறு ரூபாயை ஒட்டி வருகிறது. அந்தப் பணத்தில் ஐம்பது முட்டைக்கு மேல் வாங்கலாம். எனக்கு இலாபம் முட்டையில் இல்லை என்பது வேறு விஷயம்.

சிரப்பிலும் ஏமாற இடம் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் வைட்டமின்கள் பெயர் இருக்கும், இரும்பு இருக்காது. இரும்பு இருந்தாலும், இரும்பு கலந்த சேர்மத்தின் முழு எடையைப் போட்டிருப்பார்கள். ஃபெரஸ் ஃபூமரேட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையான இரும்பு. 'தனிம இரும்பு' எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொரு வகை, பசி எடுக்க வைக்கும் சிரப். அதில் சிப்ரோஹெப்டடின் என்று எழுதியிருந்தால் அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைத் தூண்டும், தூக்கத்தையும் கொடுக்கும். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறான் என்று மகிழ்ந்து மறுபாட்டில் கேட்டு வருகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. அதனால் இரண்டு மூன்று குடும்பங்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டன.

சப்பும் மாத்திரையில் ஒரே எச்சரிக்கை போதும். பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைப் பிள்ளைக்கு மிட்டாயாகக் கொடுக்காதீர்கள். மூன்று வயது வரை ஒரு நாளின் மேல் வரம்பே 400 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள்.

பொடி பற்றியும் அதிகம் சொல்வதற்கு இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற வகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று மட்டும் பாருங்கள். பாலே குடிக்காத பிள்ளை அதைக் கலந்தால் குடிக்கிறான் என்றால் அந்தப் பாலுக்காகக் கொடுக்கலாம், சத்துக்காக வேண்டாம். நம் உப்புக் காற்றில் மூடி சரியாக இறுகாத பொடி சில நாளில் கட்டி தட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்க ஒரு மீன்காரரே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையில் சூடை, கையில் மாத்திரைக்குக் காசு. மீன் ஈரல் எண்ணெயில் இருப்பது முக்கியமாக ஏயும் டியும். செவிலியர் ஏற்கெனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ கொடுத்திருக்கிறார், சிரப்பிலும் ஏ, இதிலும் ஏ என்று அடுக்கக் கூடாது. 1 முதல் 3 வயதுக்கு அன்றாட வைட்டமின் ஏயின் மேல் வரம்பு 600 மைக்ரோகிராம், அதாவது 2,000 யூனிட். பழைய ஆட்கள் சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைக் கரண்டியில் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் ஏ மிக அதிகம், எவ்வளவு என்பது சுறாவுக்குச் சுறா மாறும். அந்தப் பெருமையை அப்படியே விட்டுவிடலாம்.

சாப்பாடும் இந்த ஒப்பீட்டில் ஒரு கட்சி. முள் மெத்தென்று வெந்த நெத்திலி மீனை முழுசாக மசித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக்குத் தனி மாத்திரை தேட வேண்டாம். இரும்புக்கு வாரம் ஒரு முறை ஒரு சின்னத் துண்டு ஆட்டு ஈரல், கம்பங்கூழ், கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை. கீரை இரும்பு உடம்பில் எளிதாகச் சேராது. மேலே எலுமிச்சை பிழிந்தால் அல்லது கூட ஒரு நெல்லிக்காய் கொடுத்தால் நிலைமை மாறும். தேத்தண்ணீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ஐந்து வயதுக்குள் அதைக் கொடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. கருப்பட்டி போட்டால் இரும்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. எனக்கும் கருப்பட்டி பிடிக்கும். ஆனால் அது சர்க்கரைதான்.

ஒரு கஷ்டம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வடகடலிலும் தென்கடலிலும் நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டுமே சந்தைக்கு வரும், விலை ஏறும், படகில் கூலிக்குப் போகிற வீட்டில் வருமானமும் நின்றிருக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் சத்துணவு முட்டையும் கிடையாது. பிள்ளையின் தட்டு வருடத்திலேயே மெலிந்திருக்கும் மாதங்கள் இவை. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு சாதாரண சிரப் வாங்குவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். கருவாட்டை மட்டும் மீனுக்குப் பதிலாக வைத்துவிடாதீர்கள். ஊறவைத்துக் கழுவினாலும் சின்னப் பிள்ளைக்கு அந்த உப்பு அதிகம்.

யாருக்குப் பாட்டில் உண்மையிலேயே வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வரை நான்கு வகைப் பிள்ளைகள். முதலாவது கைக்குழந்தை. தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு. ஒரு வயது வரை நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எதற்கு என்று பாட்டிகள் கேட்பது சரிதான், ஆனால் நாம் கைக்குழந்தையை வெயிலில் காட்டுவதில்லையே. இந்தச் சொட்டு மருந்தில் மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் வருகிறது, 800 உள்ளதும் வருகிறது. பழைய பாட்டில் முடிந்து புதியது வாங்கும்போது எண்ணைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் டி பொட்டலம் வீட்டில் இருந்தால் அதைப் பிள்ளை பாலில் கலந்துவிடாதபடி தனியே வையுங்கள். நினைத்துப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குகிற தப்பு அது.

குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இரும்பு சீக்கிரமே தொடங்க வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் எடைக்குக் கணக்கிட்டு எழுத வேண்டும். முட்டையும் மீனும் தொடாத வீட்டில், பாலும் தயிரும் சரியாகச் சேராத பிள்ளைக்கு பி12 உள்ள சிரப் தேவை. செடியிலிருந்து பி12 கிடைக்காது. நான்காவது, நீண்ட நோயிலிருந்து எழுந்த பிள்ளை அல்லது இரண்டு மூன்று உணவுக்கு மேல் வாயில் வைக்காத பிள்ளை. இவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் சிரப் கொடுத்துவிட்டு நிறுத்திப் பார்க்கலாம். மற்றபடி ஓடியாடி, எடை ஏறி, கலந்து சாப்பிடும் பிள்ளைக்குக் கடையிலிருந்து எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மைக்ரோகிராமில் எழுதியிருந்தால் வைட்டமின் டிக்கு 10 என்பது 400 யூனிட். வெளிநாட்டுப் பாட்டிலில் அட்டவணை ஒரு கம்மிக்கா இரண்டுக்கா என்று சின்ன எழுத்தில் இருக்கும். உணவுப் பொருளாக விற்பதில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டி மாறும். கூட வரும் மூடி அளவு அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு வேண்டும், அதை நான் சும்மாவே தருகிறேன். இரும்பு சிரப்பைப் பாலோடு கொடுக்க வேண்டாம். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலில் எழுதிவிடுங்கள். ஜன்னல் திட்டிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

இதை விட முக்கியம், எங்கே வைக்கிறோம் என்பது. கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ பிள்ளைக்கு அது சரியாகப் பத்து மாத்திரை, ஒரே ஓர் அட்டை. மூன்று நான்கு மாத்திரையே வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சிவப்பாக, மினுமினுப்பாக, மிட்டாய் போலவே இருக்கும். கம்மியை மிட்டாய் என்று பழக்கிய வீட்டில் அந்த அட்டை கைக்கு எட்டும் இடத்தில் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.

வேதாளைப் பெண்ணுக்கு வருவோம். பாட்டிலை மேல் தட்டில் வைக்கச் சொன்னேன். நாலு வயது முடியட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நாளுக்கு ஒன்று என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் அங்கேயே அவன் எடைக்குத் தினசரி இரும்பு சிரப்பும், குடற்புழு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் பதறிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பிள்ளைக்குக் கறுப்பாகப் போகிறது."

"தாரைப் போலப் பிசுபிசுப்பாகவா? வயிற்று வலி, வாந்தி?"

"அதெல்லாம் இல்லை. நிறம்தான்."

"அப்படியென்றால் மருந்து சரியாக உள்ளே போகிறது, கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றேன்.